இடது குதிகாலுக்கு அடியில் ஒரு கை

போன வெள்ளிக்கிழமை எதிர் வீட்டில் கல்யாணம் நடந்தது. நீங்கள் மூன்று பேரும் உங்கள் அம்மாவோடு போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தீர்கள். நான் போகவில்லை. தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கோணி தைத்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்ததும் பெரியவள் கேட்டாள்: "பெரியப்பா உன்னிய கேட்டுக்கினே இருந்தாரு நைனா. ஏன் வரல?"

கால் வலி என்று சொன்னேன். அது பொய். என் கால் வலிப்பது நின்று ஐந்தாறு வருஷம் ஆகிறது. இப்போது அதில் வலி இல்லை, பலம்தான் இல்லை.

உங்கள் அம்மாவுக்கு எல்லாம் தெரியும். "அது உங்க ரெண்டு ஆம்பளைங்களோட விஷயம், அந்தப் பொண்ணு இன்னா பண்ணுச்சு" என்று சொல்லிவிட்டு உங்களைக் கூட்டிக்கொண்டு போனாள். அவள் செய்தது சரி. ஆனால் எனக்கு நடந்ததை நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றுகிறது. நான் மூன்றாம் பாரம் வரை படித்தவன். எழுத்தில் தப்பு இருந்தால் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

அப்போது நான் ராயபுரத்தில் ஒரு காண்டிராக்டரின் பைப்பு யார்டில் வேலை பார்த்தேன். ஹார்பரில் இறங்கும் இரும்புக் குழாய்கள் அங்கே வந்து, பிறகு திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் தொழிற்சாலைகளுக்குப் போகும். டிராம் வண்டி நின்றுபோவதற்கு முந்தின வருஷம் அது. பெரியவளுக்கு மூன்று வயது. நடுவன் கைக்குழந்தை. சின்னவன் பிறக்கவே இல்லை.

குழாய் தூக்குகிறவனுக்கு ஜோடிதான் எல்லாம். ஒருவன் முன்தோள், ஒருவன் பின்தோள். கோணியை நாலாக மடித்துத் தோளில் சும்மாடு வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். முன்னால் போகிறவனுக்குப் பின்னால் நடப்பது தெரியாது. பின்னால் வருகிறவனுக்கு எல்லாம் தெரியும். ஆகையால் குரல் கொடுப்பது பின்தோள்காரன் வேலை. "ஒண்ணு, ரெண்டு, போடு" என்பான். "போடு" என்றதும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தள்ளிவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். பின்னால் இருப்பவன் முந்தி விட்டுவிட்டால் அந்த முனை தரையில் மோதும். எகிறுகிற எகிறல் முழுவதும் முன்தோள்காரனின் முதுகில் வந்து இறங்கும்.

யார்டில் எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு இருந்தது. எவன் கை முந்தியது என்று ஆபீசில் சொல்லக்கூடாது. ஆபீசுக்குத் தெரிந்தால் அவனுடைய பித்தளைப் பில்லையை வாங்கிக்கொள்வார்கள். பில்லை இல்லாதவனைக் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். அதனால் ஜோடிக்குள் வந்த தகராறு ஜோடிக்குள்ளேயே தீர வேண்டும். வெளியே சொன்னவனோடு அப்புறம் ஒருவனும் தோள் கொடுக்கமாட்டான்.

என் பின்தோள், நீங்கள் பெரியப்பா என்று கூப்பிடுகிற எதிர் வீட்டுக்காரன். இங்கே "அவர்" என்று எழுதப் பார்த்தேன், கை வரவில்லை. ஏழு வருஷம் நாங்கள் ஒரே ஜோடி. என்னைவிட ஒரு வயது மூத்தவன் என்றாலும் என்னை மாமு என்றுதான் கூப்பிடுவான். "உன் மூஞ்சிய விட உன் பிடரிதான் மாமு எனுக்கு நல்லாத் தெரியும். அதுல கீற பேனுக்குல்லாம் பேரு வெச்சிகீறேன்" என்று டீக்கடையில் எல்லோரும் கேட்கச் சொல்லுவான். நானும் சிரிப்பேன். பின்னால் எப்படி வருகிறான் என்று ஏழு வருஷத்தில் ஒரு தடவைகூட நான் திரும்பிப் பார்த்ததில்லை.

அன்றைக்கு உச்சி வெயில். குழாய் அடுப்பில் வைத்த தோசைக்கல் மாதிரி காய்ந்திருந்தது. தோளில் குழாயோடு, குழாய் அடுக்குப் பக்கத்தில் போய் நின்றோம். "ஒண்ணு" என்றான். "ரெண்டு" என்றான். "போடு" வரவில்லை. அதற்குள் பின் முனை தரையில் மோதிவிட்டது. என் இடுப்புக்குள் யாரோ துணியைக் கிழித்த மாதிரி இருந்தது. வலது தொடையின் வெளிப்பக்கமாக ஒரு நெருப்புக்கோடு கீழே இறங்கி, பாதத்தின் மேல்புறம் வரைக்கும் போயிற்று. குப்புற விழுந்தேன். அவன்தான் முதலில் ஓடி வந்து தூக்கினான். "மாமு, மாமு" என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

மேஸ்திரி வந்து என்ன ஆயிற்று என்று கேட்டார். "கால் இடறிடுச்சு" என்றேன். என் ஜோடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஒரு வாரம் படுத்துக் கிடந்தேன். தினமும் வேலை முடிந்ததும் அவன் வருவான். கடல் மணலை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுப்பான். உங்கள் அம்மா கொடுத்தால் சூடு போதவில்லை என்று அவள் கையிலிருந்து வாங்கிக்கொள்வான். வலி கொஞ்சம் இறங்கியது. எழுந்து நிற்கப் பார்த்தபோதுதான் வலது பாதத்தின் முன்பக்கம் சொன்னபடி கேட்கவில்லை என்று தெரிந்தது. கட்டை விரலை மேலே தூக்கு என்று மனசு சொல்கிறது. அது எவனோ அந்நியன் விரல் மாதிரி சும்மா கிடக்கிறது. முட்டியை நீட்ட முடிந்தது, மடக்க முடிந்தது, நுனிக்காலில் எம்பவும் முடிந்தது. கட்டை விரலும் பாதத்தின் முன்பக்கமும்தான் போய்விட்டன.

மறுநாள் கம்பெனி டாக்டரிடம் காட்ட வேண்டும். அவர் எழுதிக் கொடுத்தால் குணமாகிறவரை பாதிக் கூலியோடு ஓய்வு உண்டு. குணமாகாவிட்டால் கேட் காவலோ சாமான் எண்ணுகிற வேலையோ உட்கார்ந்தபடி கொடுப்பார்கள். எழுதிக் கொடுக்காவிட்டால் வேலை போய்விடும். எனக்கு அந்தக் காகிதம் ஒன்றுதான் வேண்டியிருந்தது.

முந்தின சாயங்காலம் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே அவன் கேட்டான்.

"நாளிக்கு டாக்டராண்ட இன்னா சொல்லப் போறே?"

"கட்டை விரல் தூக்க வரலன்னு சொல்லுவேன்."

"ஐய, இன்னா மாமு நீ. கட்டை விரலுக்கு எவனாவது லீவு குடுப்பானா? அப்டி குடுத்தா நம்ம யார்டுல ஒருத்தனும் வேலைக்கு வரமாட்டான்."

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"நான் சொல்றத கேளு. கால் முச்சூடும் செத்துப்பூச்சுன்னு காட்டு. தூக்குன்னா தூக்காத. அமுத்துன்னா அமுத்தாத. முக்கு, மொனகு, ஆனா காலை மட்டும் தொளதொளன்னு உட்ரு. அப்பதான் எழுதுவான்."

"அது பொய்யாச்சே."

"பாதி நெஜம் கீதுல்ல. அப்பால இன்னா பொய்யி."

எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் முன்தோள்காரனுக்குக் கண் பின்னால் இல்லை. ஏழு வருஷமாக அவன் குரலைக் கேட்டே கால் வைத்துப் பழகியவன் நான். இதற்கும் அப்படியே வைத்தேன்.

டாக்டர் பட்டாளத்திலிருந்து வந்தவர். நரைத்த முறுக்கு மீசை வைத்திருந்தார். யார்டின் ஓரத்தில் தகரக் கூரை போட்ட அறையில் வாரத்தில் இரண்டு நாள் உட்காருவார், கூட ஒரு கம்பவுண்டர் இருப்பார். என் ஜோடி என்னைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு போய் மேசைமேல் படுக்க வைத்துவிட்டு, கழற்றிய என் சட்டையைக் கையில் போட்டுக்கொண்டு வாசற்படியில் நின்றான்.

"எப்படி விழுந்தே?"

"கால் இடறிட்டேன் சார்."

"வலது காலை முட்டி மடக்காம மேல தூக்கு."

சொல்லும்போதே டாக்டர் தன் இடது கையை என் இடது குதிகாலுக்கு அடியில் மெதுவாக நுழைத்து வைத்தார். நல்ல கால் மேசையிலிருந்து நழுவிவிடாமல் தாங்குகிறார் என்று நினைத்துக்கொண்டேன். இவ்வளவு பெரிய மனிதர் என் வெடித்த குதிகாலைத் தொடுகிறாரே என்று கூச்சமாகக்கூட இருந்தது.

நான் முக்கினேன். முனகினேன். வலது காலைத் தூக்கவில்லை.

"இன்னும் முயற்சி பண்ணு."

"முயற்சிதான் பண்றேன் சார். வரல."

"பண்றியா?"

"பண்றேன் சார்."

கையை உருவிக்கொண்டு துண்டில் துடைத்தார். அப்புறம் என்னை உட்கார வைத்து, கணுக்காலைப் பிடித்துக்கொண்டு முட்டியை நீட்டச் சொன்னார். கொஞ்சம் நீட்டிவிட்டுச் சட்டென்று தொளதொளவென்று விட்டேன். பாதத்தைக் கீழே அழுத்தச் சொன்னார். அழுத்தவில்லை. பாதத்தை மேலே தூக்கச் சொன்னார். கட்டை விரலைத் தூக்கச் சொன்னார். அது எழவில்லை. அன்றைக்கு நான் காட்டியதில் நிஜம் அது ஒன்றுதான். அந்த நேரத்தில் அவர் விரலைப் பார்க்கவே இல்லை, பேனாவின் மூடியைத் திறந்துகொண்டிருந்தார்.

"பட்டாளத்துல உன்னை மாதிரி எத்தனையோ பேரைப் பார்த்தவன்ப்பா நான்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பிறகு வாசற்படியைப் பார்த்துக் கேட்டார்: "நீதானே இவன் ஜோடி? இவன் வீட்ல நடக்கிறானா?"

அவன் என் சட்டையின் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றான்.

"நடக்குறாரு சார்."

என்னை அவன் "நடக்குறாரு" என்று மரியாதை போட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. பயத்தில் உளறிவிட்டான் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒரு வாரம் கழித்து என் பில்லையை வாங்கிக்கொண்டார்கள். உடம்பில் ஒன்றும் இல்லை, நடிக்கிறான் என்று டாக்டர் இங்கிலீஷில் எழுதியிருப்பதாகக் குமாஸ்தா வாசித்துச் சொன்னான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வலது செருப்பு தரையில் தேய்ந்து கழன்று கழன்று போயிற்று. நடிக்கிறவனுக்குச் செருப்பு ஏன் கழல்கிறது என்று கேட்க யாரும் கூட வரவில்லை.

அந்த ஆறு மாதம் எப்படிப் போயிற்று என்று உங்கள் அம்மாவைக் கேளுங்கள், நான் எழுதப் போவதில்லை. அவள்தான் கடைசியில் என்னை இழுக்காத குறையாகப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே ஒரு டாக்டரம்மா இருந்தார்கள். ரொம்பச் சின்ன வயது. ஸ்டூலை இழுத்துப் போட்டு என் காலடியில் உட்கார்ந்தார்கள்.

இந்தத் தடவை நான் ஒன்றையும் மறைக்கவில்லை. முட்டியை நீட்டுங்க என்றார்கள், இரண்டு கையாலும் தடுத்தார்கள். நீட்டினேன். ஒற்றைக் காலில் நின்று எம்பச் சொன்னார்கள். எம்பினேன். குதிகாலை மட்டும் ஊன்றி நடக்கச் சொன்னார்கள். இடது கால் நின்றது, வலது பாதம் தப்பென்று தரையில் விழுந்தது. கட்டை விரலைத் தூக்கச் சொல்லிவிட்டு, குனிந்து அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விரல் அசையவில்லை. விரலின் பின்னால் ஒரு நரம்பு நூல் அளவுக்குத் துடித்ததை அவர்கள் எனக்குக் காட்டினார்கள். அப்புறம் ஒரு தாளில் வரிசையாக எண் போட்டார்கள். முழுப் பலத்துக்கு ஐந்து. முட்டிக்கு ஐந்து. எம்புவதற்கு ஐந்து. பாதம் தூக்குவதற்கு மூன்று. கட்டை விரலுக்கு ஒன்று.

"முதுகெலும்புல ஒவ்வொரு எலும்புக்கு நடுவுலயும் ஒரு நரம்பு வெளிய வருதுங்க" என்றார்கள். "ஒவ்வொண்ணுக்கும் ஒரு வேலை. முட்டிய நீட்டுறதுக்கு ஒண்ணு, கட்டை விரலைத் தூக்குறதுக்கு ஒண்ணு, எம்புறதுக்கு ஒண்ணு. எது செத்திருக்கு, எது உயிரோட இருக்குன்னு தனித்தனியாப் பார்த்தா, எந்த நரம்பு நசுங்கியிருக்குன்னு கையாலயே சொல்லிடலாம். உங்களுக்கு நசுங்கியிருக்கிறது ஒண்ணே ஒண்ணுதான்."

"கால் முழுக்க செத்துப்போச்சுன்னு ஒருத்தன் காட்டினா?"

"நம்பமாட்டோம். ஒரே அடியில ஒரு கால்ல இருக்கிற எல்லா நரம்பும் போகாது." சிரித்துவிட்டு என்னைப் படுக்கச் சொன்னார்கள். என் இடது குதிகாலுக்கு அடியில் கையை வைத்தார்கள். "இப்ப வலது காலைத் தூக்குங்க."

தூக்கினேன்.

"பார்த்தீங்களா, இந்தக் குதிகால் என் கையை அமுக்குது. நிஜமா ஒரு காலைத் தூக்கப் பார்த்தா இன்னொரு கால் தானா கீழ அமுக்கும். அதை யாராலயும் நிறுத்த முடியாது. பாசாங்கு பண்றவனுக்கு மட்டும் அமுக்காது."

மேசையில் படுத்தபடியே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இத்தனை நாள் ஏன் வரல?" என்று கேட்டார்கள். "ஆரம்பத்துலயே வந்து படுத்திருந்தா விரல் திரும்பியிருக்கலாம். இப்ப நிச்சயமாச் சொல்ல முடியாது."

டாக்டரம்மா கொடுத்த தாளை எடுத்துக்கொண்டு யார்டுக்குப் போனேன். மானேஜர் அதையும் கம்பெனி டாக்டர் எழுதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார்.

"அன்னிக்கு முட்டியில பலம் இல்லைன்னு காட்டினியா?"

"காட்டினேன் சார்."

"இந்தம்மா முட்டி நல்லா இருக்குன்னு எழுதியிருக்காங்க. அப்ப நீ அன்னிக்குக் காட்டினது பொய்தானே?"

"ஆமாங்க."

"பின்ன எங்க டாக்டர் எழுதினதுல என்ன தப்பு?"

தாளை மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டார்.

வெளியே வந்து டாக்டர் அறைக்கு எதிரில் கிடந்த குழாயின்மேல் உட்கார்ந்தேன். கம்பவுண்டர் பீடி பிடிக்க வெளியே வந்தார். திருநெல்வேலிப் பக்கத்து மனிதர். என் பாதத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"நிசமாத்தானா?" என்றார். "பின்ன ஏன்வே அன்னைக்கு அப்படிப் போட்டு நடிச்சீரு? அந்தக் குதிகால் வித்தை உமக்குத் தெரியாதா?"

"எனுக்கு எப்டி தெரியும்?"

"உம்ம ஜோடிக்குத் தெரியுமே. அதுக்கு முந்தின வருசம் ஒரு மூட்டைக்காரன் இதே மாதிரி நடிச்சான்லா. அவனைத் தூக்கிட்டு வந்ததே உம்ம ஜோடிதான். டாக்டர் உம்ம ஜோடி கையைப் பிடிச்சு, அந்த மூட்டைக்காரன் குதிகாலுக்கு அடியில வச்சுக் காட்டினாரு. இங்க பாரு, அமுக்குதான்னு. அமுக்கலைன்னு இவன் சொன்னான். நாங்க மூணு பேரும் சிரிச்சோம். உமக்குச் சொல்லலியா?"

சொல்லவில்லை. பேனுக்குப் பெயர் வைத்த கதையை நூறு தடவை சொன்னவன் இதைச் சொல்லவில்லை.

மத்தியானச் சங்கு ஊதியது. அவன் தூக்குச் சட்டியோடு வந்து அடுக்கு நிழலில் உட்கார்ந்தான். என்னைப் பார்த்ததும் மூடியில் பாதிச் சோற்றை எடுத்து வைத்தான்.

"துன்னியா மாமு? வா, கொயம்பு நல்லா கீது."

நான் நின்றுகொண்டே கேட்டேன்: "மூட்டைக்காரன் குதிகாலுக்கு அடியில கை வெச்சியே, எப்டி இருந்துச்சு?"

வாய்க்குக் கொண்டுபோன கையைக் கீழே இறக்கினான்.

"கம்பவுண்டர் சொன்னானா."

"எவன் சொன்னா இன்னா."

"சும்மாடு நழுவிப்பூச்சு மாமு. தோள் வெந்துபோச்சு. என் புள்ளைங்க மேல ஆணையா வேணும்னு உடல."

"அத நான் கேக்கல. அத அன்னிக்கே மறந்துட்டேன். நீ எனுக்கு சொல்லிக்குடுத்தியே, அத கேக்கறேன்."

பக்கத்தில் ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் குரலைத் தாழ்த்தினான்.

"உனுக்கு நெஜமாவே அடின்னு எழுதினா, எப்டி ஆச்சு, எவன் முந்தி உட்டான்னு விசாரிப்பானுங்க. பொய்யின்னு ஆயிட்டா அத்தோட பூடும். எனுக்கு ரெண்டு பொட்டப் புள்ளைங்க மாமு. பில்லை பூட்டா நான் எங்க போவேன்?"

"நான் உன்னிய காட்டிக் குடுக்கமாட்டேன்னு தெரியாதா உனுக்கு?"

சோற்றைப் பிசைந்தான்.

"தெரியும்" என்றான். "நீ வாயத் தொறக்கமாட்டே. ஆனா டாக்டர் உடமாட்டான். நான் சொன்னா நீ அப்டியே செய்வேன்னும் தெரியும். அதான்."

நினைத்திருந்தால் அப்போதே மானேஜரிடம் போய் எவன் கை முந்தியது என்று சொல்லியிருக்கலாம். ஆபீஸ் இருபதடிதான். கட்டுப்பாட்டை எனக்காக அவன் காப்பாற்றவில்லை, நான் ஏன் காப்பாற்ற வேண்டும் என்றும் தோன்றியது. ஆனாலும் போகவில்லை. நல்ல மனசு என்று நினைக்க வேண்டாம். போய்ச் சொன்னாலும் யார் நம்புவார்கள்? நான்தான் பொய்யன் என்று எழுதி ஒட்டப்பட்டவன் ஆயிற்றே. அதையும் சேர்த்துத்தான் அவன் செய்திருந்தான். யோசித்துச் செய்தானோ, யோசிக்காமல் செய்தானோ, எனக்குத் தெரியாது.

அன்றிலிருந்து அவனோடு பேச்சு இல்லை. கோணி தைக்கிற வேலை உட்கார்ந்து செய்கிற வேலை, அதற்குக் கட்டை விரல் தேவையில்லை. போன வெள்ளிக்கிழமை கல்யாணம் ஆனது அவன் சொன்ன அந்த இரண்டு பொட்டப் பிள்ளைகளில் மூத்தவளுக்கு. நல்ல பெண். நன்றாக இருக்கட்டும்.

இதையெல்லாம் எழுதாமலே இருந்திருப்பேன். நேற்று நடந்ததுதான் எழுத வைத்தது. டாக்டரம்மா சொல்லிக் கொடுத்தபடி தினமும் காலையில் காலை நீட்டி உட்கார்ந்து கட்டை விரலைத் தூக்கிப் பார்க்கிறேன் அல்லவா, நேற்று சின்னவன் வந்து எதிரில் உட்கார்ந்தான். அவனுக்கு அது விளையாட்டு. தன் சுண்டு விரலை என் கட்டை விரல்மேல் வைத்து, "தூக்கு பாக்கலாம் நைனா" என்றான். இப்போது விரல் கொஞ்சம் அசையும், ஆனால் அவன் சுண்டு விரலைத் தள்ள அதற்கு வலு இல்லை. ரொம்ப முயற்சி செய்தேன். கழுத்து நரம்பு புடைத்துவிட்டது. அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"வேணும்னே தோக்குற நைனா நீ. சும்மாங்காட்டியும் நடிக்கிற."

நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்துவிட்டு எழுந்து போனேன்.

சின்னவனே, நீ படிக்கக் கற்றுக்கொண்டதும் அக்காவிடம் இதை வாங்கிப் படி. படித்துவிட்டு என்னைப் படுக்க வைத்து, உன் கையை என் இடது குதிகாலுக்கு அடியில் வைத்து, வலது காலைத் தூக்கச் சொல். எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல். உன் கை நசுங்குகிறதா இல்லையா என்று நீயே பார்த்துக்கொள்.